மஞ்சளான இலை தேறாது

நேற்று மஞ்சளாக இருந்த அடியிலை இன்று பச்சையாக இருந்தது.

ஊதா விளக்கின் கீழ் எந்த நிறத்தையும் நம்ப முடியாது என்பதால் நில்சா அதை அணைத்து, வெள்ளை பல்பைப் போட்டு, கண் பழகும்வரை காற்றாடியின் உறுமலுக்கும் ஈரமண் வாடைக்கும் நடுவே குந்தியிருந்து மறுபடி பார்த்தாள். பச்சைதான். பசியெடுத்த கஞ்சாச் செடி அடியிலையின் சத்தை உறிஞ்சித்தான் நுனிக்கு அனுப்பும். அப்படி மஞ்சளான இலை உதிருமே தவிரத் தேறாது. அவளோ இரண்டு வாரமாக உரமே வைக்கவில்லை.

அவர்கள் ஊரான பைசாந்தூவில் சட்டப்படியே வீட்டுக்கு ஆறு செடி வளர்க்கலாம். இந்த ஆறின் பூவிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் ஏழு வயது மகள் மாயெலாவுக்கு வலிப்பு வராமல் காத்தது. குப்பியில் எண்ணெய் அடியில்தான் கிடந்தது. பூ அறுக்க இன்னும் மூன்று வாரம்.

"உரம் வாங்கிட்டு வான்னு நாலு தடவை சொன்னேன், மில்தோன்."

"அதான் பச்சையாயிடுச்சே! செடிக்கு என்மேல இருக்கிற நம்பிக்கைகூட உனக்கு இல்ல." அவள் கணவன் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சி முடித்துவிட்டு, செடிகளை ஒட்டிக் கிடந்த கட்டிலில் மதியத் தூக்கத்துக்குச் சாய்ந்தான். குளிர்காலத்தில் அந்த வீட்டில் சூடான அறை அது ஒன்றுதான்.

அவன் குறட்டைக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மெல்லிய, நிதானமான சத்தம். யாரோ எதையோ குடிப்பது போல. அன்று அவள் தண்ணீர் ஊற்றவே இல்லை.

கம்பளி விலகியிருந்தது. நில்சா வெள்ளை பல்பை அவன் காலருகே கொண்டுபோனாள். உள்ளங்கால் இரண்டும் மஞ்சள். காமாலை மஞ்சள் இல்லை. நரம்பு வரைக்கும் ஒரே சீராக வெளுத்த, வறண்ட மஞ்சள். பெருவிரலை அழுத்தினாள். சிவப்பு திரும்பவில்லை.

அவனை உடனே எழுப்பியிருக்க வேண்டும். மகள் வெட்டி இழுத்துக் கிடந்த ஒவ்வொரு இரவும் அடுத்த அறையில் சுகமாகத் தூங்கியவன் இவன் என்ற நினைப்பு அப்போதுதானா வர வேண்டும்? கம்பளியை இழுத்து அவன் காலை மூடிவிட்டு வெளியே வந்தாள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் கணுக்கால்.

"கால் மரத்துப் போச்சுடி. எழுந்திருக்க முடியல."

"குளிருதுல்ல, அப்படித்தான் இருக்கும். படுத்துக்க."

மூன்றாம் நாள் முழங்கால். இலைகள் கரும்பச்சையாகப் பளபளத்தன. மொட்டுகள் பருத்தன. நான்காம் நாள் டாக்டரைக் கூப்பிடு என்றான். கூப்பிட்டாகிவிட்டது என்றாள். பொய். ஐந்தாம் நாள் இடுப்பு. ஆறாம் நாள் அவனால் பேச முடியவில்லை.

பின்கட்டில் மாயெலா பாட்டுப் பாடிக்கொண்டே ரொட்டியில் பால் இனிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பாவுக்கும் ஒண்ணு குடுக்கவா?"

"வேணாம். நீ சாப்பிடு."

ஏழாம் நாள் நில்சா பல்பைப் பிடித்து, இலையைப் பார்க்கும் அதே கண்ணோடு அவனைப் பார்த்தாள். மார்பைத் தாண்டிக் கழுத்துக்கு ஏறியிருந்தது. பிறகு குனிந்து செடிகளின் அடியைப் பார்த்தாள்.

அடியிலை ஒன்றின் ஓரத்தில் மஞ்சள்.

இன்னும் இரண்டு வாரம் இருந்தது. இவன் போதமாட்டான்.

அவன் கண் திறந்திருந்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டே, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் தங்கை இர்மாவுக்குப் போன் போட்டாள்.

"என்ன அண்ணி, அதிசயமா இருக்கு! நீங்களா கூப்பிடறீங்க?"

"உங்க அண்ணனுக்கு உடம்பு முடியல, இர்மா. உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு ரெண்டு வாரம் வந்து தங்கிட்டுப் போயேன்."

மில்தோனின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

"ஐயோ, இன்னிக்கே கிளம்பறேன். அங்க ரொம்பக் குளிராமே?"

"ஆமாம்," என்றாள் நில்சா, காலால் மடக்குக் கட்டிலைச் செடிகளின் மறுபக்கத்துக்குத் தள்ளியபடி. "சூடான அறையில உனக்குப் படுக்கை போட்டுட்டேன்."