பதினோராம் கன்றுக்குப் புழு கொடுத்தது யார்?

காலை மணி 8.40. நுண்ணோக்கியில் குனிந்திருந்த பூதக்கண்ணாடி "அட கடவுளே!" என்று போட்ட சத்தத்தில், சோதனைக் குழாய்கள் எல்லாம் ஒருமுறை எழுந்து உட்கார்ந்தன.

பூதக்கண்ணாடி என்பது ரத்த அணுக்களை எண்ணும் டெக்னீஷியனுக்கு ஊழியர்கள் வைத்த பெயர். நட்சத்திரங்களைக் காட்டினால் விடிவதற்குள் எண்ணி முடித்து, இரண்டு குறைகிறது என்பார்.

குடல்புழுவைக் கன்றின் உடம்பு எப்படி எதிர்க்கிறது என்று அந்தக் கால்நடை ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி. ஒரு கொட்டிலில் ஆறு கன்றுகளுக்குப் புழுக்குஞ்சு கலந்த தண்ணீர் புகட்டியிருந்தார்கள். அடுத்த கொட்டிலில் ஆறு, புழுவே அண்டாத சுத்தக் கன்றுகள். புழு நுழைந்தால் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் படை திரட்டும். சாயம் ஏற்றினால் மாதுளை முத்துகளாகத் தெரியும். இன்று அந்தப் படை, சுத்தக் கொட்டிலின் பதினோராம் கன்றுடைய ரத்தத்தில் கூடாரமடித்திருந்தது.

8.55. தலைமை ஆய்வாளரான பெரிய டாக்டரம்மா வந்தார். அவர் சிரித்ததைப் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது கான்டீன் வரலாறு.

"கொட்டில்காரிதான். ஒரே வாளியை ரெண்டு பக்கமும் வெச்சிருப்பா. பன்னெண்டு மணிக்கு அவளை வேலையை விட்டு நிறுத்தற கடிதம் என் மேஜைல இருக்கணும்."

"சரிங்க. அதென்ன, கோட்டுல இடது கையை மட்டும் மடிச்சு விட்டிருக்கீங்க?"

"பட்டன் போயிடுச்சு. இப்ப அதுவா முக்கியம்?"

9.20. சுத்தக் கொட்டில். கன்றுகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், அரைக்கைச் சீருடையின் தோளில் மூக்கைத் துடைத்தபடி நின்றாள்.

"வாளியை நான் மாத்தலண்ணே. பொறந்தன்னிக்கே இதுக்குத் தாய் போயிடுச்சு. நான்தான் புட்டியில பால் குடுத்தேன். என்னைத் தொரத்திட்டா இது யாருகிட்டண்ணே குடிக்கும்?"

"அழுகையை அப்புறம் வெச்சுக்கலாம்மா. புழு புகட்டின திங்கக்கிழமை எங்க இருந்தே?"

"பல்லு புடுங்கப் போயிருந்தேன். மறுநாள் என் கன்னத்தைப் பாத்து, பூசணிக்கா என்ன வெலைன்னு கேட்டது நீங்கதானே?"

"நீ வராத நாள்ல தீவனம்?"

"டாக்டரம்மாவே வெப்பாங்க."

அதற்குள் பதினோராம் கன்று, பூதக்கண்ணாடி நீட்டிய வலது கையைச் சீந்தாமல், எட்டி இடது சட்டைக்கையின் நுனியைக் கவ்வி, கண்ணை மூடிச் சப்ப ஆரம்பித்தது. பூதக்கண்ணாடி தன் முழுக்கையைப் பார்த்தார். அவளுடைய அரைக்கையைப் பார்த்தார்.

10.30. பதினோராம் கன்றின் பழைய ஸ்லைடுகளை எடுத்தார். முதல் வாரம், நூறு வெள்ளை அணுக்களில் ஈசினோஃபில் ஒன்று. இரண்டாம் வாரம் ஆறு. இன்று பதினான்கு. புழு புகட்டிய கன்றுகளிலும் இதே ஏற்றம், இதே வேகம்.

11.45. டாக்டரம்மாவின் அறை. கொட்டில்காரி வாசலில் நின்றாள். பூதக்கண்ணாடி கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"டாக்டரம்மா, வாளி தப்புன்னா புழு என்னிக்கு வேணா போயிருக்கலாம். ஆனா பதினோராம் கன்னோட ரத்தம் புழு குடிச்ச கன்னுங்களோட தோளோட தோள் சேர்ந்து ஏறியிருக்கு. அதே திங்கக்கிழமைதான் உள்ள போயிருக்கு. அன்னிக்கு ரெண்டு கொட்டில்லயும் கால் வெச்சது ஒரே ஆள்."

"நான் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன்!"

"கையைக் கழுவினீங்க. கோட்டுக்கையை?"

டாக்டரம்மா இடது கையை மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"அரைக்கை போட்டவகிட்ட வளர்ந்த கன்னு, சட்டைக்கையைத் தேடுது. அதுவும் இடது கை. அந்த ருசியைக் காட்டினது யாரு? பட்டன் எங்க?"

டாக்டரம்மா கோட்டுக்கையின் மடிப்பைப் பிரித்துக் காட்டினார்.

"போன வாரம் முழுங்கிடுச்சு" என்றார், மிகச் சின்னக் குரலில். "புகட்டறப்ப ஒரு கன்னு தும்மி, கோட்டுல தெறிச்சது. மாத்தணும்னுதான் நெனச்சேன். அங்க பதினோராம் கன்னு பாலுக்குக் கத்திட்டிருந்தது."

"அன்னிக்கு ஒரு நாள்தானா?"

"தினமும். இவ சாப்பிடப் போற நேரத்துல."

கொட்டில்காரிக்கு வாய் பிளந்தது. "கன்னுக்குட்டியைக் கொஞ்சாதே, இது ஆராய்ச்சின்னு என்னை என்ன பாடு படுத்துனீங்க டாக்டரம்மா!"

"படுத்தினேன். மன்னிச்சிடும்மா." கடிதம் நாலாகக் கிழிந்தது. "சாயங்காலம் அதுக்குப் புழு மருந்து குடுத்துடு. நீதான் குடுக்கணும்."

ஆய்வுப் பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'பதினோராம் கன்று ஆய்விலிருந்து நீக்கம். காரணம்:' பேனா அங்கேயே நின்றது.

கொட்டில்காரி எட்டிப் பார்த்தாள். "வாளின்னு எழுதிடுங்க டாக்டரம்மா. அது ஒண்ணும் கோவிச்சுக்காது."

டாக்டரம்மா சிரித்தார். மூன்று பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். பிறகு, 'கன்று அழுதது. தலைமை ஆய்வாளர் கை கொடுத்தார்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார்.