பூட்டிய வண்டியில் கரைந்த மின்சாரம்

"யாரோ என் வண்டியிலேர்ந்து கரண்டைத் திருடுறாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே அந்த டிரைவர் பெண் நாற்காலியில் சரிந்தாள்.

துப்பறிபவர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மைத்துனன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். வேறு வேலை கிடைக்கும்வரை உதவிக்கு என்று வந்தவன், அங்கேயே வேர்விட்டுவிட்டான். திருட்டு என்ற சொல் காதில் விழுந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

அவள் ஓட்டுவது சின்ன மின்சாரக் கார். மாலையில் ஆஸ்பத்திரி ஊழியர்களைக் கொண்டுபோய் விட்டு, இரவெல்லாம் சவாரி ஓட்டி, காலையில் அவர்களைத் திரும்பக் கொண்டுவருவது பிழைப்பு. குடியிருப்பது மூன்றாம் மாடியில் ஒரே அறை. அங்கிருந்து ஒயர் இழுக்க முடியாது. ஆகவே, காலையில் கிடங்குச் சந்தில் இருக்கும் சார்ஜிங் பாயிண்டில் வண்டியை மாட்டிப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள். நண்பகலில் வண்டி நிறைந்துவிட்டதாகப் போனில் செய்தி வரும். மாலையில் போய்ப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். ஒயர் மாட்டியபடியே இருக்கும், கதவும் பூட்டியபடியே இருக்கும்.

"ஆளுங்களோட நடுரோட்டுல ரெண்டு தடவை நின்னுட்டேன். இன்னொரு தடவை நின்னா ஒப்பந்தம் போச்சு. அந்தக் கிடங்கு வாட்ச்மேன் மேலதான் எனக்குச் சந்தேகம். கிடங்குக்காரர்கிட்ட சொல்லிட்டேன், அவரும் இன்னிக்கே ஆளை மாத்திடுறேன்னுட்டாரு. ஆனா மனசு கேக்கலை. நிஜமாவே அந்த ஆள்தானான்னு பாத்துச் சொல்லுங்க. எனக்கு இப்ப எதுவுமே பிடிபடலை சார். தினமும் சீட்டைக்கூட முன்னால இழுத்துப் போட்டாத்தான் கால் எட்டுது. உடம்பு அவ்வளவு விட்டுப்போச்சு."

"வீட்டுல யாரெல்லாம்மா?"

அவளும் கணவனும்தான் என்றாள். அவன் மூட்டை ஏற்றுகிறவன். சமீபத்தில் இரவு ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். பகலில் அங்கேயே ஓய்வு அறையில் படுத்துக்கொள்கிறானாம். "நல்லதாப் போச்சு. அவர் குறட்டை விட்டா சுவரே பேந்துடும்" என்றபோதுதான் முதன்முறையாகச் சிரித்தாள்.

அன்று மதியம் அவளையும் கூட்டிக்கொண்டு மூவரும் சந்துக்குப் போனார்கள். வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. சந்தின் கோடியில், ஓர் ஆள் நுழையும் அளவு இடைவெளி விட்டிருந்த சுவரைப் பார்த்தபடி வண்டி நின்றது. வெயிலுக்காக அவளே எல்லாக் கண்ணாடிக்கும் உள்ளிருந்து மறைப்புப் போட்டிருந்தாள். பக்கத்துப் பட்டறையின் இரைச்சலில் பேச்சே காதில் விழவில்லை.

வாட்ச்மேன் வாசலில் நின்றார். மதியம் என்ன செய்வீர் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தார். மைத்துனன் துப்பறிபவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"முழியைப் பாத்தீங்களா மச்சான்? இவர்தான். ஒயர் வழியா கரண்டைத் திருப்பி இழுத்து ஃபேன் ஓட்டுறாரு."

"அது வண்டி மாப்ளே, பால் மாடு இல்லை" என்று சொல்லிவிட்டுத் துப்பறிபவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வண்டியின் முன்பக்கத்துக்கு அடியில் கையளவு ஈரம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது.

"யாரோ வண்டி கழுவியிருக்காங்க" என்றான் மைத்துனன்.

"மேலெல்லாம் தூசி. அடியில மட்டுமா கழுவுவான்?" அவர் மெதுவாக நிமிர்ந்தார். "கிடங்குக்காரரை வரச் சொல்லு."

கிடங்குக்காரர் வந்தார், வாட்ச்மேனின் கணக்கை முடிக்கும் முகத்தோடு. துப்பறிபவர் குரலை உயர்த்தாமல் ஆரம்பித்தார்.

"யாரும் திருடலை. நண்பகல் வரைக்கும் கரண்ட் ஒழுங்கா ஏறியிருக்கு, போன்ல செய்தி வருது. வண்டி பூட்டியிருந்தா ஒயரைப் பிடுங்க முடியாது. அப்ப குறையிறது வெளியில இல்லை, உள்ள. இந்த வெயில்ல வண்டிக்கடியில தண்ணி சொட்டுதுன்னா உள்ள ஏசி ஓடுது. பூட்டை உடைக்காம உள்ள போகணும்னா இன்னொரு சாவி வேணும். அந்தம்மாவுக்குக் கால் எட்டாம சீட்டு பின்னால போகுதுன்னா, உக்கார்றது அவங்களைவிட நெட்டையான ஆள்."

அவள் முகம் மாறத் தொடங்கியது.

"ஏம்மா, கரண்ட் எப்பலேர்ந்து குறையுது?"

அவள் நாட்களை விரல்விட்டு எண்ணினாள். கணவனுக்கு ஷிஃப்ட் மாறிய நாளிலிருந்துதான். கைப்பையில் சாவியைத் துழாவி எடுத்துக் கதவைத் திறந்தாள். குளிர்ந்த காற்றோடு குறட்டையும் வெளியே வந்தது. சாய்த்த சீட்டில், மூட்டைத் தூசி படிந்த சட்டையோடு கணவன் கிடந்தான்.

தோளைத் தொட்டதும் அலறியடித்துக்கொண்டு எழுந்தான். சுற்றி நின்றவர்களைப் பார்த்ததும் செருப்பைத் தேடினான். ஓய்வு அறை என்று ஒன்று எங்கும் இல்லை. ஒரே அறையில் தன் குறட்டையை வைத்துக்கொண்டு அவளை எப்படித் தூங்கவிடுவது என்றுதான் வீட்டிலிருந்த மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு இங்கே வந்து படுத்தானாம். அனலில் ஏசி இல்லாமல் படுக்க முடியவில்லை.

"ஒயர் மாட்டித்தானே இருக்கு? கம்பத்துலேர்ந்துதான் ஓடுதுன்னு நினைச்சேன்" என்றான்.

வண்டி நிறைந்ததும் பாயிண்ட் தானாக நின்றுவிடும், ஒயர் மாட்டியிருந்தாலும் பிறகு ஒரு துளி வராது என்று துப்பறிபவர் சொன்னார். வண்டி ஓட்டத் தெரியாத மனிதன் அதைக் கேட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"இவர் தினமும் வந்திருக்காரு, நீ என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கிடங்குக்காரர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"அவர் வாசலைப் பாத்துக்கிட்டிருந்தாரு. இவர் வந்தது பின்பக்க இடைவெளி வழியா" என்றார் துப்பறிபவர். வாட்ச்மேன் மூச்சு விட்டார். அவர் சட்டையின் முதுகில், படுத்து எழுந்த கட்டில் கயிற்றின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்ததை மைத்துனன் அப்போதுதான் கவனித்தான். வாயைத் திறக்கப்போனவனின் காலைத் துப்பறிபவர் மிதித்தார்.

டிரைவர் பெண் ஏசியை நிறுத்தினாள். மீதி மின்சாரம் எவ்வளவு என்று பார்த்தாள். இன்று சீக்கிரம் வந்ததால் மாலைச் சவாரிக்குப் போதும்.

"எந்திரி. வீட்டுக்கு வந்து படு."

"நீ தூங்க மாட்டியே" என்றான் அவன்.

"கரண்ட் எங்க போகுதுன்னு கூரையைப் பாத்துக்கிட்டே கிடந்தேன்யா, இத்தனை நாளா. நான் எங்க தூங்குனேன்?"