ஒரு வாளி மஞ்சள் தண்ணீர்

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்தைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். சிறுமி கடுகு வளர்த்த மீனும் ஒரு வாளி மஞ்சள் மருந்துத் தண்ணீரில் தூங்கித் தூங்கி வழிந்து, ஒருவழியாகக் குணமாகித் தொட்டிக்குத் திரும்பிவிட்டது.

வாளிதான் குளியலறையிலேயே நின்றது. கடுகு அதைக் கொட்ட விடவில்லை. ஆள் பொடிசு என்பதால் அவளுக்கு வீட்டில் அந்தப் பெயர். பிடிவாதம் மட்டும் பெரிசு.

"நான் குளிக்க வேணாமா?" என்றார் அப்பா, தோளில் துண்டோடு.

"இதைக் கொட்டினா குட்டைக்குத்தான்பா போகும். அங்க என் தலைப்பிரட்டைங்க இருக்கு."

தெருமுனைக் குட்டையில் அவை மிதப்பதைப் பார்த்து நின்றால் அவளுக்கு நேரம் போவதே தெரியாது.

அம்மா தண்ணீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவர். "அவ சொல்றது சரிதான். இது ஆன்டிபயாடிக். குட்டையில இருக்கிற நல்ல கிருமியையும் கொன்னுடும். தப்பிச்ச கெட்ட கிருமிக்கு அப்புறம் இந்த மருந்தே பலிக்காது."

"அப்ப என்னம்மா பண்றது?"

"நாங்க வேர்க்கடலை ஓட்டைக் கரியாக்கிப் போடுவோம். கரி மருந்தைப் பிடிச்சு வச்சுக்கும்."

அப்பாவுக்குக் கடலை என்றால் உயிர். அதனால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. கொல்லையில் அவரே தீ மூட்டினார். ஓடுகள் எரிந்து சாம்பலாயின. அதை ஒரு டம்ளர் மஞ்சள் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் கலங்கியதுதான் மிச்சம்.

கடுகுக்கு அழுகை வந்தது. ஊதினால் பறக்கும் அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று கிடைத்ததால்தானே தீ எல்லாவற்றையும் தின்றுவிட்டது?

"அப்பா, பிஸ்கட் டப்பாவில போட்டு மூடிச் சுடலாமா? காத்து உள்ள போகக் கூடாது."

"புகை வெளிய வரணுமே" என்று அம்மா மூடியில் சின்ன ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

தீயிலிருந்து எடுத்த டப்பா ஆறியதும் திறந்தார்கள். ஓடு ஓடாகவே இருந்தது, கன்னங்கரேலென்று. கடுகு அதைக் கழுவி, துணியில் கட்டி, வாளிக்குள் இறக்கினாள்.

மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்தது. சாயங்கால வெளிச்சம் வாளியின் அடிவரை இறங்கியது. அப்பாகூடக் குளியலை மறந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"கொட்டலாமா?" என்றாள் கடுகு.

"கண்ணை மட்டும் நம்பக் கூடாது" என்று அம்மா ஒரு புட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்திலிருந்து அம்மாவின் போன் வந்தது. "இன்னும் கொஞ்சம் மருந்து இருக்கு."

அப்பா இன்னொரு பை கடலையைத் தின்று தீர்த்தார். தலைப்பிரட்டைகளுக்காகத்தான் தின்றாராம். யாரும் நம்பவில்லை. இரண்டாவது கரி மூட்டையும் வாளிக்குள் இறங்கியது.

அடுத்த நாள், மறுபடி சோதித்துப் பார்த்த அம்மா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். "தேடித் தேடிப் பாத்துட்டேன். மருந்து இல்ல. மருந்தைப் பிடிச்ச கரியை நான் கூடத்துக்கு எடுத்துட்டுப் போறேன். நீ தண்ணியைக் கொட்டு."

வாளியைக் கவிழ்த்த கையோடு கடுகு குட்டைக்கு ஓடினாள். தலைப்பிரட்டைகள் வாலாட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றுக்குக் குட்டிக் குட்டியாக இரண்டு கால்கள்கூட முளைத்திருந்தன. மூன்று நாளாக நடந்தது எதுவும் அவற்றுக்குத் தெரியாது.

தெரியவே வேண்டாம் என்று நினைத்தபடி, கடுகு கரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.