கழித்தல் இன்னும் நடத்தவில்லை

முதல் வகுப்பில் அன்று ஒன்பது பேர் வரவில்லை. ஒன்பது பேருக்கும் வயிற்றுப்போக்கு. போன வாரம் படுத்துக் கிடந்த குட்டித் தம்பி இப்போதுதான் தேறியிருந்தான். அவன் பக்கத்தில் உட்காரும் தோழி இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

தம்பியின் அக்காவுக்குப் பத்து வயது. வாயைத் திறந்தால் கேள்விதான் வரும் என்பதால் வீட்டில் அவளைக் 'கேள்விக்குறி' என்றே கூப்பிட்டார்கள். அம்மா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். திங்கட்கிழமை பள்ளிக் கழிப்பறை வாசலில் அம்மாதான் ஒரு பலகையை மாட்டிவிட்டுப் போனார்.

'மலம் கழித்தபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக.'

வெள்ளிக்கிழமை கேள்விக்குறி குழாயடியில் சோப்பை எடுத்துப் பார்த்தாள். மேலே பதித்திருந்த எழுத்துகூட அழியவில்லை. ஏன்?

வீட்டுக்கு நடக்கும்போது தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், அந்தப் பலகையைப் படிச்சியா?"

"படிச்சேன்க்கா. அது பெரிய பிள்ளைங்களுக்கு."

"யாரு சொன்னா?"

"கழிக்கணும்னு போட்டிருக்கே! எங்களுக்கு இன்னும் கூட்டல்தான் நடக்குது."

கேள்விக்குறி வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு காலியாகக் கிடந்த ஒன்பது இடங்கள் நினைவுக்கு வர, சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயத்தைக் கேட்ட அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆபீஸ்ல எழுதிக் குடுத்த வாசகம்டி அது. நான் யோசிக்கவே இல்ல."

"நம்ம வீட்டுல கக்கான்னுதானேம்மா சொல்றோம்? அதையே எழுதினா என்ன?"

"எழுது. உங்க தலைமையாசிரியை என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

கேள்விக்குறி உடனே வரைய உட்கார்ந்தாள். ஒரு பையன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். கீழே, 'பேதி ராஜா ஓடுறார்!' அவளுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

தம்பி சிரிக்கவில்லை. "நானும் இப்படித்தானே ஓடினேன். இது நானாக்கா?" என்றான். கண் கலங்கிவிட்டது.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தப் பையனை முழுக்க அழித்தாள். அவன் இடத்தில் ஒரு குண்டுக் கிருமி சோப்பு நுரையில் வழுக்கி விழுந்தது.

"அதுக்கு மீசை வை!" என்றான் தம்பி.

திங்கட்கிழமை தலைமையாசிரியை படத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "பள்ளிக்கூடச் சுவத்துல கக்காவா? மரியாதையா ஒரு வார்த்தை கிடைக்கலையா?"

"மரியாதையான வார்த்தை ஏற்கெனவே மாட்டியிருக்கு மிஸ். ஒண்ணாம் வகுப்பு அதைக் கணக்குன்னு நினைச்சிட்டிருக்கு."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். அப்படியும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ஒரு வாரம். சோப்பு கரையலைன்னா கழட்டிடுவேன்."

பழைய பலகைக்குக் கீழே மீசைக் கிருமி ஏறியது.

அடுத்த திங்கட்கிழமை தோழி திரும்பி வந்தாள். தம்பியும் அவளும் குழாயடியில் கை நிறைய நுரையோடு நின்றார்கள். ஆசிரியர் கழிப்பறையிலிருந்து தலைமையாசிரியை அவசரமாக வெளியே வந்தார். இருவரும் மீசைக் கிருமிக்குக் கீழே எழுதியிருந்ததை உரக்கப் படித்தார்கள்.

"கக்கா போனியா? கையைக் கழுவினியா?"

தலைமையாசிரியை அப்படியே நின்றார். பிறகு குழாயடிக்கு வந்து கையை நீட்டினார்.

"அந்தச் சோப்பைக் குடுங்க."

"தீந்துபோச்சு மிஸ்!"