படம் வந்துட்டா?

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அந்த வீட்டுக்கு டிஷ் மாட்டப் போக எந்த ஃபிட்டரும் தயாராக இல்லை. மழையில் வழுக்கும் என்றான் ஒருவன். வயிறு சரியில்லை என்றான் இன்னொருவன். சலாவுதீன் மட்டும்தான் சுடலைக்கண்ணனிடம் உண்மையைச் சொன்னான்.

"ஒங்கண்ணன் இன்னும் மேலதாம்ல நிக்கான். எங்காதால கேட்டேன்."

சுடலைக்கண்ணன் அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

அவன் அண்ணன் நம்பிராஜனும் ஃபிட்டர்தான். போன மழைக்காலத்தில் அந்தக் கூரையில் ஏறினான். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம். மேலே நிற்பவன் டிஷ்ஷைத் திருப்பிவிட்டு "படம் வந்துட்டா?" என்று கேட்பான். கீழே டிவியைப் பார்ப்பவர் "வந்துட்டு, எறங்கு" என்று சொல்ல வேண்டும். அதுவரை அவன் இறங்கமாட்டான். அன்று படம் வந்தது. வீட்டுக்காரர்கள் சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டார்கள். கொட்டுகிற மழையில் ஒரு மனுஷன் தொண்டை கிழியக் கேட்டுக்கொண்டிருந்தது பக்கத்து வீடுகளுக்குக் கேட்டது, இவர்களுக்குக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து கத்தலாம் என்று நம்பிராஜன் போல்ட் வரிசையை விட்டு நகர்ந்தான். அந்த வரிசைக்கு அடியில்தான் இரும்புக் குழாய் தாங்கும். மற்ற இடமெல்லாம் வெறும் சிமெண்ட் ஷீட். அது உடைந்து, அவர்கள் நடுவிலேயே வந்து விழுந்து செத்தான்.

டிவி அப்போதும் ஓடிக்கொண்டிருந்ததாம்.

"வாடே, மேட்ச் தொடங்கிரும். சட்டுனு முடி," என்றார் வீட்டுக்காரர் பொன்னுலிங்கம். தையல் பட்டறை வைத்திருப்பவர். வந்தவன் யாருடைய தம்பி என்று அவருக்குத் தெரியாது. மழை பெய்தால் படம் போய்விடுகிறது என்று அவர் மனைவி கோகிலவாணி குறைப்பட்டுக்கொண்டாள்.

உடைந்த இடத்தில் புது ஷீட் போட்டு, கூரை முழுக்க நீலத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். போல்ட் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சுடலைக்கண்ணன் பாதத்தால் தடவித் தடவி நடந்தான். புது டிஷ்ஷை முறுக்கி, கையிலிருந்த மீட்டரில் சிக்னல் பார்த்துக்கொண்டான். யாரையும் கேட்கவில்லை. இறங்கி வந்து டிவியைப் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. கோகிலவாணி டீ கொடுத்தாள்.

வெளியே மழை பிடித்தது.

கூரையில் தார்ப்பாய் சரசரத்தது.

"படம் வந்துட்டா?"

அண்ணன் குரல்.

பொன்னுலிங்கம் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோகிலவாணி பழகிய கையால் ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிவிட்டு, அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். பிறகு அவன் காதருகே குனிந்தாள்.

"தம்பி, பதில் மட்டும் சொல்லிராதிய."

சுடலைக்கண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். போன மழையிலிருந்து அண்ணன் கேட்டுக்கொண்டே நிற்கிறான். இவர்கள் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு சோறு தின்றிருக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்ல இவர்களுக்கு வாய் வரவில்லை.

அவன் மேலே பார்த்துக் கத்தினான். "வந்துட்டுண்ணே! எறங்குண்ணே!"

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு காலடிகள். போல்ட் வரிசை மேலேயே, நிதானமாக.

இரும்பு ஏணி கிறீச்சிட்டது. கதவு திறந்துகொண்டது. நனைந்த சிமெண்ட் வாடை அறையை நிறைத்தது. டைல்ஸ் தரையில் ஈரக் கால்தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. சுடலைக்கண்ணன் கையை நீட்டினான். குளிர்தான் பட்டது. கால்தடங்கள் அவனைத் தாண்டிப் போய், டிவி முன்னால் நின்றன. அங்கே ஆள் உட்காரும் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியது.

"இனி நான் பாத்துச் சொல்லுதேன். நீங்க மேல போங்க." தண்ணீர் தேங்கிய இடத்திலிருந்து அண்ணன் குரல் வந்தது.

பொன்னுலிங்கம் எழுந்தார். எழ மனசில்லை என்பது முகத்தில் தெரிந்தது, கால்கள் கேட்கவில்லை. கோகிலவாணி சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அவளையும் இழுத்துக்கொண்டு வாசல்வரை போய், உதறிவிட்டு மழையில் ஏணி ஏறினார். போல்ட் எங்கே இருக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும்?

கோகிலவாணி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றாள். கடைசியில் சுடலைக்கண்ணனின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"படம் வந்துட்டா?" மேலே பொன்னுலிங்கத்தின் குரல் நடுங்கியது.

படம் தெளிவாக இருந்தது. ஒரு சொல் போதும். சுடலைக்கண்ணனுக்குக் குரல் இருந்தது, அது அவனுக்குத் தெரியும். தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தான். பிறகு ஸ்பேனர்களை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தான்.

"ஏட்டீ, வந்துட்டா? யாராச்சும் சொல்லுங்களேன்!"

ரிமோட் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. திரையின் ஓரத்தில், சத்தத்தைக் காட்டும் பச்சைக் கோடு தானாக ஏறத் தொடங்கியது.