எபிசன் இணைப்பில் இருக்கிறார்

குளச்சலில் மூடிக்கிடக்கும் ஐஸ் கம்பெனியின் மாடியறைக்குப் பெமிலா வந்தபோது மணி மூன்று. பகல்தான், ஆனாலும் படியில் கால் தெரியவில்லை. மேற்கே வானம் கறுத்து இறங்கியிருந்தது. சுவரெல்லாம் பழைய அமோனியா வாடை.

படகுக்காரர் சங்கத்தின் செய்திச் சர்வர் அங்கேதான் ஓடியது. கடலில் கிடக்கும் படகுகளோடு கரை பேச அது ஒன்றே வழி. அதைப் பார்த்துக்கொள்கிறவள் பெமிலா. கணினியில் இருந்ததே ஒரு ஜிபி நினைவகம். பாதி, படகுகளைக் காட்டும் வரைபடத்துக்கு. மறுபாதி, கண்டெய்னர் என்கிற அடைத்த பெட்டிக்குள் ஓடும் சர்வருக்கு. அளவு மீறினால் கணினி எச்சரிக்காது. சர்வரைக் கொன்றுவிடும்.

இன்று நான்கு முறை கொன்றிருந்தது.

துறைமுக வாயிலில் படகைக் கவிழ்க்கும் அலை மறிந்துகொண்டிருந்தது. ‘குளச்சலுக்கு வராதே, தேங்காப்பட்டணம் போ’ என்ற ஒற்றை வரி, அவள் கணவன் பிரைட்டனின் படகுக்குப் போய்ச் சேரவில்லை. படகில் பதினோரு பேர்.

எழுப்பினாள். சர்வர் இரண்டு நிமிடம் ஓடியது. செத்தது.

ஆறாவது தடவை காரணம் அகப்பட்டது. எழும்போதெல்லாம், இன்னும் பெறப்படாத செய்திகளை வாரி நினைவகத்தில் நிரப்பிக்கொள்கிறது சர்வர். அத்தனையும் ஒரே ஒருவருக்கு வந்தவை.

எபிசனுக்கு.

எபிசன் கடலுக்குப் போய் ஆறு வருஷமாகிறது. உடல் ஒதுங்கவில்லை. உடல் இல்லாமல் அடக்கப் பூசை இல்லை. பூசை இல்லாமல் சங்கத்துப் பட்டியலிலிருந்து பேரை எடுக்க அந்தக் கரையில் யாருக்கும் கை வராது. பெமிலாவுக்கும் வரவில்லை.

அவன் மனைவி சிந்தியா நனைந்தபடி படியேறி வந்தாள்.

“ஏட்டி, எதனால இது சாவுது?”

“ஒனக்க குரலால. தெனமும் நீ அவருக்குப் பேசி அனுப்புனது அவ்வளவும் இங்க கெடக்கு. அழிச்சாத்தான் எடம் கெடைக்கும்.”

சிந்தியா அவளுக்கும் கணினிக்கும் நடுவே வந்து நின்றாள். “பிள்ள மொதமொத அப்பான்னு சொன்னது அதுக்குள்ள கெடக்கு.”

“எனக்க மாப்பிள்ள கடல்ல கெடக்காரு, சிந்தியா.”

சிந்தியா மடியிலிருந்து ஒரு போனை எடுத்தாள். எபிசன் அன்றைக்கு வீட்டில் மறந்துவிட்டுப் போனது. “ஞாயித்துக்கிழம தோறும் சார்ஜ் போடுவேன். அவரே வந்து திறக்கட்டும்னு நான் தொடல்ல. அழிக்காண்டாம். அவருக்க பேருல நாம வாங்கிருவோம்.”

வழி சரியாகத்தான் பட்டது. பெற்றுக்கொண்ட செய்தி வரிசையில் நிற்காது.

சிந்தியா திறந்தாள். எபிசன் என்ற பெயரருகே பச்சைப் புள்ளி எரிந்தது. செய்திகள் கொட்டின. நினைவகச் சுமை சரசரவென்று இறங்கியது. சர்வர் சாகாமல் நின்றது. பிரைட்டனுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது.

பிரைட்டனிடமிருந்து பதில்: ‘சரி. திருப்புறேன்.’

பெமிலாவுக்கு மூச்சு வந்தது. “போதும், அணச்சிரு.”

சிந்தியா போனை அணைத்தாள். பேட்டரியையும் கழற்றி மேசையில் வைத்தாள்.

பச்சைப் புள்ளி அணையவில்லை.

அறையில் அமோனியா வாடை போய், ஈரவலை நாற்றம் எழுந்தது. திரையில், எபிசனின் பேரில், ஒரு வரி வந்தது.

‘பிரைட்டா, அங்கோட்டுப் போவாத மக்கா. எனக்க வெளிச்சத்தப் பாத்து வா.’

“நீயா?” பெமிலா கிசுகிசுத்தாள்.

சிந்தியா வெறும் கைகளை விரித்துக் காட்டினாள்.

பிரைட்டனின் பதில் வந்தது: ‘தெரியுதுண்ணே.’

‘அது அவரில்ல, போவாதீங்க’ என்று பெமிலா அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். எபிசனின் பேரை நீக்கக் கட்டளை கொடுத்தாள். அப்படியொரு பெயரே இல்லை என்றது கணினி.

வரைபடத்தில் பிரைட்டனின் படகு தேங்காப்பட்டணத்தை விட்டு விலகி, ஒன்றுமில்லாத தெற்கே திரும்பியது.

பெமிலா கண்டெய்னரை நிறுத்தினாள். கணினியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை இருண்டது. கீழே கரையில் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது.

பெமிலாவின் சொந்தப் போன் அதிர்ந்தது. சர்வர் இல்லாமல் வரவே முடியாத செய்தி.

‘பதினோரு பேரும் வந்தாச்சு. இங்க எடத்துக்குக் கொறவில்ல.’

அதன் கீழே எபிசன் இன்னும் எதையோ அடித்துக்கொண்டிருந்தான்.