பிடிமண்

உச்சி வெயிலில் பேருந்து அவர்களை இறக்கிவிட்டுப் போனது. தெற்கு ஸ்பெயினில் ஒரு மலைச்சரிவு. சுண்ணாம்பு பூசிய வீடுகள் கண்ணைக் கூசவைத்தன. சன்னல்கள் அத்தனையும் அடைத்துக் கிடந்தன. மதியம் சாப்பிட்டதும் ஊரே உறங்கிவிடுமாம்.

"நம்மூர்ல இந்நேரம் பேய்தான் நடமாடும்," என்றாள் சேதுலட்சுமி.

"அதுக்கு விசா வேணும்டி," என்று சிரித்தான் காளிராஜ்.

கடற்கரை ஓட்டலில் சமையல்காரனாக இருந்தவன், சொந்தமாகக் கடை போட இங்கே ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தான். முற்றத்தில் ஒரு பாழுங்கிணறு. ஈரச் சுண்ணாம்பு வாடை.

முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் வேற்று மண்ணில் குடியேறினால் குலசாமி பீடத்திலிருந்து ஒரு பிடி மண் கொண்டுபோவார்கள். கொட்டிய இடத்தில் சாமி இருந்துகொள்ளும். காளிராஜ் முன்னமே விமானம் ஏறிவிட்டதால், புதுப்பெண் சேதுலட்சுமி தனியாகப் போய் எடுத்து வந்திருந்தாள். மஞ்சள் துணியை அவிழ்த்துக் கிணற்றோரம் கொட்டிக் கும்பிட்டாள்.

"எந்தப் பீடத்துல எடுத்த?"

"கருவேல மரத்தடியில, வெள்ளையடிச்சு பூப் போட்டிருந்துச்சே. அந்தச் சின்னப் பீடம்."

காளிராஜ் மஞ்சள் துணியைப் பிடுங்கிப் பார்த்தான். "ஏ கூறுகெட்டவளே, பெருசுதான்டி சோணைக்கருப்பு!"

"அப்ப சின்னது யாரு?"

அவன் மண்டியிட்டு மண்ணை அள்ளப் பார்த்தான். விரலுக்கு வரவில்லை. தரையோடு தரையாக இறுகியிருந்தது.

கிணற்றுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"மச்சான்... தண்ணி."

சேதுலட்சுமிக்கும் கேட்டது. "இந்தச் சீமையில யாருங்க ஒங்கள மச்சாங்குறது?"

"முருகலட்சுமி." அவன் கிணற்றை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வயித்துல புள்ளையோட வந்து கட்டிக்கச் சொன்னா. காட்டுக் கெணத்துல தள்ளிட்டேன். தண்ணியில்லாத கெணறு. தொண்ட வத்துற மட்டும் கூப்புட்டா. மேல ஒக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எங்காத்தாதான் பயந்துபோயி பீடம் போட்டுச்சு."

"மச்சான்..."

தண்ணீர் பாட்டிலைத் திறந்து விளிம்பில் குனிந்தான். "குடி தாயி. குடிச்சிட்டுப் போயிரு."

ஊற்றிய தண்ணீர் விழுந்த சத்தமே இல்லை.

அவன் விழுந்த சத்தம் கேட்டது.

"சேது! காலு போச்சுடி! ஆளக் கூப்புடு!"

தெருவுக்கு ஓடி வாயைத் திறந்தாள். குளிர்ந்த உள்ளங்கை ஒன்று அவள் வாயைப் பொத்தியது. வலிக்காமல், மெதுவாக.

அடைத்த சன்னல்களுக்கு நடுவே வெயில் மட்டும் நின்றது. உள்ளே அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். பிறகு தண்ணீர் கேட்டான். பிறகு முனகினான்.

முனகலும் நின்ற பிறகுதான் கை விலகியது.

மறுநாள் போலீஸ் விசாரணை முடிந்து, பேருந்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள் சேதுலட்சுமி. அடுத்த நிறுத்தத்தில் ஏறிய முதியவர் ஒருவர் அவள் பக்கத்தில் உட்காரக் குனிந்தார். சட்டென்று நிமிர்ந்தார். தொப்பியைக் கழற்றி, காலியான இருக்கையைப் பார்த்து ஏதோ மன்னிப்புக் கேட்டுவிட்டு, பின்னால் போய் நின்றுகொண்டார்.